புதர் எவ்வளவு உயரம்

என் வேலை காடு செய்வது. நான்கு பேர் சேர்ந்து உருவாக்கும் சின்ன வீடியோ கேம் ஒன்றுக்கு மண், பாறை, மரம், புல், வானம், வெயில் எல்லாவற்றையும் நான் செய்கிறேன். பின்னால் பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. ஆளுக்கு ஒரு வேலை, ஆளுக்குக் கொஞ்சம் கடன். இந்தத் துறையில் என் வேலைக்கு என்விரான்மென்ட் ஆர்ட்டிஸ்ட் என்று பெயர். சொந்தக்காரர்கள் கேட்டால் "கேம்ல பேக்ரவுண்டு பண்றேன்" என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. விளையாடுகிறவர்களும் அப்படித்தான். மரம் மரமாக இருக்கும்வரை அது யார் கண்ணிலும் படாது. ஒரு மரம் தரையிலிருந்து நான்கு விரற்கடை மேலே மிதந்தால் போதும், உடனே படம் பிடித்து அனுப்புவார்கள். வீட்டு வேலை செய்த எவருக்கும் இது புதிதல்ல.

எங்கள் விளையாட்டில் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், காணாமல்போன மூன்று ஆடுகளைத் தேடி வறண்ட குன்று ஒன்றில் ஒரு பகல் முழுக்க நடக்கிறாள். துப்பாக்கி இல்லை, எதிரி இல்லை, பேய் இல்லை. நிலம்தான் கதை. குன்று நத்தம் பக்கத்துக் குன்றுகளை ஒத்தது. என் அத்தை வாழ்க்கைப்பட்ட ஊர் அங்கேதான் இருக்கிறது.

இதற்கு முன்னால் ஆறு வருடம் ஒரு ஸ்டூடியோவில் இருந்தேன். வெளிநாட்டுப் பெரிய விளையாட்டுகளுக்கு வேண்டிய பொருட்களை இங்கே குறைந்த கூலிக்குச் செய்து அனுப்பும் இடம். எந்த விளையாட்டு என்று வெளியே சொல்லக்கூடாது என ஒப்பந்தம். அங்கே நான் செய்ததெல்லாம் பைன் மரம், பிர்ச் மரம், பாசி படிந்த கல், பனி மூடிய வேலி. எந்தப் பாசி கல்லின் எந்தப் பக்கம் ஏறும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தக் காடுகளில் ஒன்றைக்கூட நேரில் கண்டதில்லை. என்னோடு இருந்த பெண்களும் அப்படித்தான். ஒருத்தி பெரியகுளத்துக்காரி. மாந்தோப்புக்குள் வளர்ந்துவிட்டு எட்டு மாதம் ஓக் மரப் பட்டை செய்தாள்.

ஆகவே சொந்த விளையாட்டு என்று வந்ததும் விலைக்கு வாங்கும் மரத் தொகுப்புகளைத் தேடிப் பார்த்தேன். ஓக், மேப்பிள், பைன், பெரணி எல்லாம் கிடைத்தன. வெப்பமண்டலம் என்று தேடினால் தென்னையும் வாழையும் வரும், கடற்கரை விடுதிக்கு ஏற்றபடி. உசிலை கிடைக்கவில்லை. வெள்வேல், கிளுவை, விராலி, சூரை, சதுரக்கள்ளி எதுவும் இல்லை. எல்லாவற்றையும் நானேதான் செய்ய வேண்டியிருந்தது.

அதில் உசிலை என்னைப் படாதபாடு படுத்தியது. கணினியில் மரத்தின் ஒவ்வோர் இலையையும் தனியாகச் செய்து கட்டுப்படியாகாது. ஒரு கொத்து இலையைத் தட்டையான அட்டையில் வரைந்து, இலை இல்லாத இடத்தை ஊடுருவித் தெரியும்படி விட்டு, அந்த அட்டைகளைக் கிளைகளில் செருகுவோம். ஆட்டக்காரர் தள்ளிப் போகப்போக அதே படத்தின் சிறிய பிரதிகளைக் கணினி எடுத்துக்கொள்ளும். அகன்ற இலைக்கு இதில் தொல்லை குறைவு. உசிலையின் இலையோ அரிசிமணியைவிட மெல்லியது. படம் சுருங்கும்போது இலை பக்கத்து வெற்றிடத்தோடு கலந்து நீர்த்துப்போகும். ஓர் அளவுக்குக் கீழே போனதும் இங்கே இலையே இல்லை என்று கணினி முடிவு செய்துவிடும். கிட்டே நின்றால் தழைத்த மரம், நூறு அடி தள்ளி நின்று பார்த்தால் வழுக்கை. சிறிய பிரதிகளிலும் இலை மூடும் பரப்பு குறையாமல் காக்க ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டு, தூர மரங்களுக்கு இலையை இலையாக வரையாமல் பச்சைப் புகை மாதிரி வரைந்து, மூன்று வாரத்தில் ஒருவழியாக நின்றது. நிரல் எழுதும் நண்பர், "இதுக்கு ஒரு வேப்பமரத்த வச்சிட்டுப் போயிருக்கலாமே" என்றார். வேப்பமரம் ஊருக்குள் நிற்கும். அவள் நடப்பது ஊருக்கு வெளியே.

இந்த வேலைக்கு வர ஆசைப்பட்டதே இன்னொருவர் செய்த காட்டைப் பார்த்துத்தான். சான்பிரான்சிஸ்கோவின் காம்போ சாண்டோ என்ற சிறு குழு 2016இல் வெளியிட்ட ஃபயர்வாட்ச். 1989ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து ஷோஷோனி காடு. ஹென்றி என்பவர் கோபுரத்திலிருந்து காட்டுத்தீயைக் கண்காணிக்கும் வேலைக்கு வருகிறார். ஆலி மாஸ் என்ற பிரிட்டிஷ் ஓவியர் அதன் நிறத்தையும் தோற்றத்தையும் அமைத்தார். 1930களில் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்காக அச்சிட்ட சுவரொட்டிகளின் சாயல் அது. அந்த ஓவியத்தை, உள்ளே கால்வைத்து நடக்கக்கூடிய காடாக ஆக்கியவர் ஜேன் இங் என்ற பெண். அருகிலிருக்கும் மரங்கள் ஒரு நிறம், அடுத்த வரிசை இன்னொரு நிறம், மலை வேறொரு நிறம் என்று தூரத்தையே வண்ணப் பட்டைகளாகப் பிரித்திருப்பார்கள். சாயங்கால வெயிலில் அந்தக் காட்டுக்குள் நடந்தபோது, இப்படி ஒன்றைச் செய்துவிட்டால் போதும் என்று எனக்குத் தோன்றியது.

இரண்டாம் முறை விளையாடியபோது வேறொன்று கண்ணில் பட்டது. அந்தக் கதையில் பெண்கள் இருக்கிறார்கள். நினைவாற்றலை இழந்துகொண்டிருக்கும் மனைவி ஜூலியா, தொலைவில். மேலதிகாரி டெலைலா, வானொலிக் கருவியில் வெறும் குரல். ஏரியில் கூச்சலிட்டுக் குளிக்கும் இரண்டு இளம் பெண்கள், நிழலுருவமாக. அந்த இருவர்தான் காட்டுக்குள் உடம்போடு இருக்கும் பெண்கள், அவர்களும் காணாமல்போனவர்கள் ஆகிறார்கள். ஒரு பெண் தன் கையால் மரம் மரமாக நட்ட காட்டில் மனம்போனபடி நடப்பது ஒரு ஆண். ஜேன் இங்கைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் காடு இன்றும் எனக்குப் பாடம்தான். எனக்குள் ஒரு கேள்வி மட்டும் அப்போது தங்கிவிட்டது.

தமிழ்ப் பெண்ணை நாயகியாக வைத்த விளையாட்டு நமக்கும் வந்துவிட்டது. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட வெண்பா. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தாய் இட்லி ஊற்றுவதையும் புட்டு அவிப்பதையும் அவ்வளவு அன்போடு செய்திருக்கிறார்கள். கண்கலங்கித்தான் விளையாடினேன். ஆனாலும் அடுப்படி நமக்குக் கிடைத்துவிட்டது, மலை இன்னும் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய இலக்கியத்துக்குப் போனாலும் இதே கதைதான். நிலத்தையும் மனத்தையும் இவ்வளவு நெருக்கமாகப் பிணைத்த மரபு நம்முடையது, சரி. அதில் பாலையைக் கடப்பவன் பொருள் தேடிப் போகும் தலைவன். முல்லையில் இருந்து காத்திருப்பவள் தலைவி. அவள் பாலையில் கால்வைப்பது பெரும்பாலும் உடன்போக்கில், அவன் துணையோடு. வெள்ளிவீதியைப் போலத் தானும் புறப்பட்டுப் போக வேண்டும் என்று ஔவையாரின் அகநானூற்றுப் பாடல் ஒன்றில் தலைவி சொல்கிறாள். எங்கள் விளையாட்டு நாயகிக்கு வெள்ளி என்று பெயர் வைத்தது அதனால்தான். கூட வேலை செய்பவர்கள் இன்னும் அதை வெள்ளிக்கிழமை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாறைகளுக்குப் போவோம். பாறையைக் கணினிக்குள் கொண்டுவர நல்ல வழி, அதைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுப்பது. ஒரு பாறைக்கு நூற்றைம்பது படமாவது வேண்டும். நின்று, குனிந்து, குந்தி, தரையோடு படுத்து என்று ஒரு மணி நேரம் ஆகும். வெயில் விழக்கூடாது, விழுந்தால் நிழலும் பாறையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதனால் மேகமூட்டமான நாள் வேண்டும். கிடைக்காவிட்டால் பொழுது விடிந்தும் விடியாத நேரம், அல்லது பொழுது சாய்ந்த பிறகு. ஸ்டூடியோவில் கூட இருந்த பையன்கள் அதிகாலையில் பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் எடுத்துவருவார்கள். அந்தப் படங்களுக்காகவே அவர்களுக்குப் பெயரும் வந்தது.

எனக்கு அத்தை துணைக்கு வந்தார். அவர் வராத ஒரே ஒரு நாள், ஊருக்கு மேற்கே ஓடைப் பாறையில் குனிந்துகொண்டிருந்தேன். ஒரு பைக் நின்றது. இரண்டு பேர். ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. வண்டியை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாற்பத்தோராவது படத்தோடு எழுந்து ஊரைப் பார்க்க நடந்தேன். அந்தப் பாறை விளையாட்டில் இருக்கிறது. அதன் பின்பக்கம் நான் கற்பனையில் செய்தது.

விடிந்தும் விடியாத அந்த நேரம் எனக்கு முன்பே பழக்கமானதுதான். சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்கு அத்தை வீட்டுக்குப் போவேன். அப்போது அங்கே கழிப்பறை கிடையாது. இருட்டோடு எழுந்து கண்மாய்க்கரைச் சீமைக்கருவேலத்துக்குப் பெண்கள் கூட்டமாகப் போவோம், அதை விட்டால் பொழுது அடைந்த பிறகுதான். ஒருத்தி கரைமேல் நிற்பாள், மற்றவர்கள் போவார்கள். புதர் எவ்வளவு உயரம், எவ்வளவு அடர்த்தி என்பதை அந்த வயதிலேயே உடம்பு கணக்குப் போடும். இடுப்பளவு இருந்தால் மறைக்கும். தலைக்கு மேலே போனால் உள்ளே வேறு யாராவது இருந்தாலும் தெரியாது. ஒரே புதர் நம்மையும் மறைக்கும், அவனையும் மறைக்கும். எந்த வாயில் வழியாக நுழைந்தால் எந்த வாயில் வழியாக ஓடலாம் என்று பார்த்துத்தான் நுழைவோம். என் துறையில் இதையெல்லாம் பெரிய பாடமாகச் சொல்லித்தருகிறார்கள். ஆட்டக்காரர் நிற்கும் இடத்திலிருந்து எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும், வெளியேறும் வழி எது என்று கோடு போட்டுக் காட்டுவார்கள். நான் அதை எட்டு வயதில் கண்மாய்க்கரையில் படித்திருந்தேன்.

குன்றின் முதல் வடிவம் ஓரளவு வந்ததும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அத்தையிடம் காட்டினேன். திண்ணையில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார்.

"எந்த ஊருத்தா இது?"

"நம்ம ஊருதான் அத்தை. மலையடிவாரம் மாதிரி."

"மலை சரி. காட்டுல ஆடே மேயலையே."

எனக்குப் புரியவில்லை. எழுந்து வந்து வேலியோரம் நின்ற மரத்தைக் காட்டினார். ஆடு முன்னங்காலைத் தூக்கி மரத்தில் வைத்து நின்றால் எட்டும் உயரம்வரை தழை இருக்காது. கத்தரித்து விட்டதுபோல ஒரே மட்டமாக, எல்லா மரத்திலும் ஒரு கோடு. அதற்குக் கீழே வெறும் தண்டுகள். அந்தக் கோட்டை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன், அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று தோன்றியதே இல்லை.

"ஆடு மேஞ்ச காட்டுல ஆள் தெரியும்" என்றார் அத்தை. "அங்கிட்டு யார் வந்தாலும் முதல்ல காலு தெரியும். அதான் நாங்க பாட்டுக்குப் போயிட்டு வந்தோம். ஆடு வாயே வைக்காத காட்டுக்குள்ள எவ போவா?"

அன்றிரவு குன்றின் மரங்களையெல்லாம் ஒரு மட்டத்துக்குக் கீழே மொட்டையடித்தேன். வெள்ளியை நடக்கவிட்டுப் பார்த்தேன். தண்டுகளுக்கு இடையே எதிர்ச்சரிவு தெரிந்தது, செம்மண் தெரிந்தது, ஓடை தெரிந்தது. ஆறு வருடம் நான் செய்த அடர்காடுகளில் ஒன்றில்கூட அப்படிப் பார்வை ஓடியதில்லை.

மறுவாரம் கூட்டத்தில் சண்டை. கதை எழுதுபவர், "காடுன்னா அடர்த்தியா இருக்க வேண்டாமா? இது யாரோ பயன்படுத்தின இடம் மாதிரி இருக்கு" என்றார். பயன்படுத்திய இடம்தான். யாருமே தொடாத இயற்கை என்பது, அங்கே போய்த் திரும்புவதற்கு நேரமும் துணிச்சலும் இருப்பவர்களுடைய இயற்கை. விறகுக்கும் தழைக்கும் ஆட்டுக்கும் தினம் போகிற பெண்ணுக்குக் காடு என்றால் இதுதான், கைபட்டு, வாய்பட்டு, ஒற்றையடிப்பாதை விழுந்த காடு. பாதை விஷயத்திலும் இதே தகராறு வந்தது. அவர் போட்ட பாதை நேரே உச்சிக்கு ஏறியது. உச்சியில் நின்றால் நான்கு திசையும் விரியும், இசை எழும். எல்லா விளையாட்டிலும் அதுதான் பரிசு. அத்தையிடம் கேட்டதற்கு, "உச்சிக்கு எதுக்கு? அங்க வெறகா இருக்கு, தண்ணியா இருக்கு?" என்றார். ஆடுகளும் நேரே ஏறுவதில்லை, சரிவை ஒட்டிச் சுற்றிச் சுற்றித்தான் போகும். எங்கள் பாதை இப்போது உச்சிக்குப் போகாமல், குன்றின் இடுப்பைச் சுற்றி, பாறை இடுக்கில் இருக்கும் ஒரு சுனைக்குப் போகிறது. உச்சி வேண்டுமென்பவர்கள் ஏறிக்கொள்ளலாம், தடையில்லை.

சீமைக்கருவேலத்துக்கு இன்னும் பெரிய சண்டை நடந்தது. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம், நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அதை அகற்றச் சொன்னது, நம் மண்ணைக் காட்டும் விளையாட்டில் அது எதற்கு என்றார்கள். அந்த மரத்துக்கு வக்காலத்து வாங்க எனக்கும் ஆசையில்லை. ஆனால் அத்தையின் அடுப்பு எத்தனையோ வருடம் எரிந்தது அதில்தான். நாங்கள் இருட்டில் ஒதுங்கியதும் அதன் மறைவில்தான். அதை எடுத்துவிட்டால் நிலம் சுத்தமாகும், அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை அதிலிருந்து போய்விடும். கண்மாய்க்கரையில் ஒரு தோப்பு மட்டும் வைத்தேன். ஆடு தின்ற கோடு இல்லாமல், தலைக்கு மேலே அடர்ந்து, உள்ளே நுழைய மூன்று வாயில்கள். ஒவ்வொரு வாயிலருகிலும் நசுங்கிய பிளாஸ்டிக் செம்பு ஒன்று கிடக்கும்.

"இந்தச் செம்பு எதுக்கு?" என்று இசையமைப்பாளர் கேட்டார். சொன்னேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் அந்தத் தோப்புக்குள் மட்டும் இசையை நிறுத்திவிட்டார். வெறும் காற்றும், தூரத்தில் ஒரு பெண் இருமும் சத்தமும். கரைமேல் காவலுக்கு நிற்பவள் இருமினால் யாரோ வருகிறார்கள் என்று அர்த்தம். அதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

போன மாதம் ஒரு கல்லூரியில் மாணவிகளையும் மாணவர்களையும் கூப்பிட்டு விளையாடவிட்டோம். ஓரமாக நின்று கவனிப்பது என் வேலை. பையன்களில் பலர் தொடங்கிய உடனே, "என்ன பண்ணணும்?" என்று கேட்டார்கள். பெண்களில் பலர் வேறொன்று கேட்டார்கள். "யாராவது வருவாங்களா?" யாரும் வரமாட்டார்கள் என்று சொன்னேன். சொன்ன பிறகும் நான்கு அடிக்கு ஒருமுறை பார்வையைப் பின்னால் திருப்பிக்கொண்டே நடந்தார்கள். தோப்புக்குள் ஒரு பெண் போகவே இல்லை. செம்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். சரிவில் மரங்களின் கீழ்க்கோடு தொடங்கிய பிறகு சிலருக்குத் திரும்பிப் பார்ப்பது குறைந்தது. எல்லோருக்கும் அல்ல.

சுனைக்குப் பக்கத்தில் ஓர் உசிலையின் அடியில் வெள்ளி உட்காரலாம். அதற்கென ஒரு பொத்தான் வைத்திருக்கிறோம். உட்கார்ந்தால் என்ன கிடைக்கும் என்று குழுவில் கேட்டபடியே இருந்தார்கள். ஆடு தெரியட்டும், பழைய நினைவு ஒன்று வரட்டும், புள்ளியாவது ஏறட்டும் என்றார்கள். எதுவும் கிடைக்க வேண்டாம் என்று நான் அடம்பிடித்தேன். குன்றில் ஒரு பெண் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அத்தையிடம் கேட்டதற்கு, "சும்மா உக்கார வெறும் பயலுகளா நாங்க?" என்று சிரித்தார். பிறகு, "உக்காரலாம், நல்லாத்தான் இருக்கும்" என்றார். அந்த இடத்தில் வெயில் நகரும், இலை நிழல் அவள் புடவைமேல் ஆடும். நான்கு நிமிடம் கழித்து ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்து போகும்.

அன்று விளையாடிய பதினைந்து பேரில் ஒரு மாணவி அங்கே உட்கார்ந்தாள். குருவிகள் வந்தன, போயின. அவள் எழவில்லை. பக்கத்து இருக்கைக்காரி முடித்துவிட்டு வந்து, "என்னடி, ஹேங் ஆயிருச்சா?" என்று கேட்டாள். "இல்ல, உக்காந்திருக்கேன்" என்றாள் இவள்.

அவள் அவ்வளவு நேரம் இருந்ததில்தான் ஒன்று தெரிந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் போனால் உசிலையின் நிழல் ஓரங்களில் நடுங்குகிறது. சூரியன் நகரும் ஒவ்வொரு முறையும் நிழல் கொஞ்சம் தாவுகிறது. யாரும் இவ்வளவு நேரம் உட்கார மாட்டார்கள், விட்டுவிடலாம் என்கிறார் நிரல் எழுதும் நண்பர். இந்த வாரம் அதைத்தான் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.